ஒரு சொல்லை வைத்துக் கட்டிய சதுப்புநிலம்: ஆர்கேட்டா நகரத்தின் கழிவுநீர்

கழிவுநீரைச் சுத்தம் செய்வது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஆர்கேட்டாவை இழுத்துவிடுவார். “அங்கே எந்திரமே கிடையாது, கோரைப்புல்லே எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிவிடுகிறது, சாக்கடையில் பறவை பார்க்கக் கூட்டம் வருகிறது” என்பார். பறவை பார்க்கக் கூட்டம் வருவது உண்மை. மற்றதெல்லாம் பாதிக் கதை. எந்திரம் இருக்கிறது, ரசாயனமும் இருக்கிறது, கோரை செய்கிற வேலையும் நாம் நினைக்கிற வேலை இல்லை. இயற்கைப் பற்று மட்டுமே அந்த ஊரை இந்த வழிக்குக் கொண்டுவந்தது என்றும் சொல்ல முடியாது. மாநில அரசின் ஒரு கொள்கையில் இருந்த ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன ஊர் பல வருஷம் வாதாடியது. அந்த வாதத்தின் மிச்சம்தான் இன்று நாம் பார்க்கிற சதுப்புநிலம்.

ஊரும் அதன் சாக்கடையும்

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஹம்போல்ட் விரிகுடாவின் வடகரையில் இருக்கிறது ஆர்கேட்டா. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,857. நாம் பேசப்போகிற காலத்தில் இன்னும் குறைவு, 1980-இல் சுமார் 12,000 பேர்தான். மரம் வெட்டி அறுத்துப் பிழைத்த வட்டாரம் அது. விரிகுடாவின் கரையை யாரும் அழகுக்காக வைத்திருக்கவில்லை. மரத்தடிகளை மிதக்கவிடும் குளம், ஆலைகள் விட்டுப்போன காலி இடம், ஊர்க் குப்பையைக் கொட்டி மேடாக்கிய ஒரு திடல், இவைதான் கரை. குப்பைமேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மவுண்ட் டிராஷ்மோர். அதிபர்களின் முகம் செதுக்கிய மவுண்ட் ரஷ்மோர் மலையைக் கிண்டலடித்து வைத்தது.

ஊரின் சாக்கடை 1949 வரை அப்படியே விரிகுடாவுக்குள் போனது. அந்த வருஷம் முதல்நிலைச் சுத்திகரிப்பு வந்தது, அதாவது அடியில் படிகிறதைப் படியவிட்டு மேல்நீரை வெளியே அனுப்புவது. 1957-இல் 55 ஏக்கரில் ஆக்சிஜனேற்றக் குளங்கள் வெட்டினார்கள். கடலோதம் ஏறி இறங்குகிற சேற்று நிலத்துக்குக் கரை கட்டித் தடுத்து உண்டாக்கிய குளங்கள் அவை. 1966-இல் குளோரின் போடத் தொடங்கினார்கள். மிச்சக் குளோரின் மீனைக் கொல்லும் என்பதால், வெளியே விடும் முன் அதை நீக்குகிற ஏற்பாடு 1975-இல் வந்தது. கால் நூற்றாண்டில் நான்கு முறை வேலை. எந்தச் சின்ன ஊரிலும் கழிவுநீர் நிலையம் இப்படித்தான் வளர்கிறது. யாரும் முழுப்படம் வரைந்து வைத்துக்கொண்டு கட்டுவதில்லை, சட்டம் ஒரு படி ஏறினால் நிலையமும் ஒரு படி ஏறும்.

‘மேம்பாடு’ என்றால் என்ன?

1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தூயநீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அதோடு நகரங்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்குப் பெரும் பணமும் வந்தது. செலவில் முக்கால் பங்கை மத்திய அரசே கொடுக்கும். பணம் அப்படி வரும்போது திட்டங்களும் பெரிதாக யோசிக்கப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1974-இல் கலிஃபோர்னியாவின் நீர்வள வாரியம் விரிகுடாக்களுக்கும் கழிமுகங்களுக்கும் ஒரு கொள்கை வகுத்தது. நகராட்சிக் கழிவுநீரை அவற்றில் விடுவதைப் படிப்படியாக நிறுத்தவேண்டும் என்பது அதன் சாரம். ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்தார்கள்: விடப்படுகிற நீர், அது இல்லாதிருந்தால் அந்த விரிகுடா இருக்கிற நிலையைவிட அதை மேம்படுத்துமானால் விடலாம். ‘கெடுக்கக் கூடாது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் புரியும். ‘மேம்படுத்தவேண்டும்’ என்று எழுதிவிட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் ஒரு விரிகுடாவை எப்படி மேம்படுத்தும்? அந்த வாசல் யாரும் நுழையமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் திறந்து வைக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் வட்டாரத்தில் எல்லோரும் வேறு பாதையைப் பார்த்தார்கள். விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. எல்லா ஊர்ச் சாக்கடையையும் குழாயில் சேர்த்து, ஒரே பெரிய நிலையத்தில் சுத்தம் செய்து, விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலில் விடுவது திட்டம். குழாய் விரிகுடாவின் அடியிலேயே, கப்பல் போகிற கால்வாய்க்குக் கீழே போகவேண்டும். மதிப்பீடு 50 மில்லியன் டாலரைத் தாண்டியது.

ஆர்கேட்டாவுக்கு இது கசந்தது. கட்டுவதற்கு அரசு பணம் தரும், சரி. அப்புறம் காலமெல்லாம் பம்பு ஓட்டுகிற மின்சாரக் கட்டணத்தை யார் தருவார்கள்? நிலநடுக்கம் வருகிற பூமியில் விரிகுடாவுக்கு அடியில் குழாய் உடைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளோடு இன்னொரு எண்ணமும் அந்த ஊரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது: கழிவுநீர் ஒரு வளம், அதைக் கடலில் கொட்டுவது வீணடிப்பது. இந்த எண்ணத்துக்கு ஒரு காரணகர்த்தா உண்டு. ஊரில் இருந்த ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், 1969-லிருந்தே நகரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து, அதில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். சாக்கடைக் குளத்தின் ஓரத்தில் சால்மன். அதைக் கண்ணால் பார்த்த ஒரு நகர்மன்றத்துக்கு ‘மேம்பாடு’ என்ற சொல் வேடிக்கையாகப் பட்டிருக்காது.

ஆலனோடு சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், நகரின் பொதுப்பணி இயக்குநர் ஃபிராங்க் க்ளாப், நகர்மன்றத்தில் இருந்த டான் ஹவுசர் ஆகியோர் சேர்ந்தார்கள். ஒரு மீன் ஆள், ஒரு பொறியாளர், நிலையத்தை நடத்துகிறவர், அரசியல்வாதி. இந்த நான்கு பேரில் யாரை எடுத்துவிட்டாலும் இந்தக் கதை நடந்திருக்காது என்பது என் கணிப்பு. குறிப்பாக க்ளாப். பேராசிரியர் யோசனை சொல்லலாம், மன்றம் தீர்மானம் போடலாம். நிலையத்தின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் “இது நடக்காது” என்று சொன்னால் கதை முடிந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

அவர்கள் முன்வைத்த மாற்று இது: இருக்கிற குளங்களோடு செயற்கைச் சதுப்புநிலங்களைச் சேர்ப்போம். பாழாய்க் கிடக்கிற கரையில் சுத்திகரித்த நீரைக்கொண்டே புது ஈரநிலங்களை உண்டாக்குவோம். பறவைக்கு இடம், மக்களுக்கு நடைபாதை, மாணவர்களுக்குப் படிக்கும் இடம் எல்லாம் அங்கே கிடைக்கும். இதெல்லாம் இந்த நீர் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது, ஆகவே இதுதான் மேம்பாடு.

வாரியம் உடனே தலையாட்டவில்லை. நிரூபித்துக் காட்டு என்றது. 1979-இல் ஒரு முன்னோடிச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. 6 மீட்டர் அகலமும் 61 மீட்டர் நீளமும் உள்ள பாத்திகளை வெட்டி, எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் நீரை விட்டால் என்ன ஆகிறது என்று வருஷக்கணக்கில் அளந்தார்கள். அளந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். 1983-இல் அனுமதி வந்தது, 1986-இல் முழு அமைப்பும் ஓடத் தொடங்கியது. கூட்டுத் திட்டம் கலைந்தது. பக்கத்து ஊரான யுரேகா வேறு வழியில் போய், 1984-இல் தனக்கென்று ஒரு நிலையம் கட்டிக்கொண்டது. அதன் நீர், ஓதம் இறங்கும் நேரம் பார்த்து விடப்படுகிறது, அலையோடு கடலுக்குப் போய்விடட்டும் என்று.

சுத்திகரித்த நீரைக்கொண்டு கரையில் உண்டாக்கிய மூன்று ஈரநிலங்களுக்கு மேம்பாட்டுச் சதுப்புகள் என்று பெயர்; ஒவ்வொன்றுக்கும் ஆலன், கியர்ஹார்ட், ஹவுசர் என்று தனிப்பெயர். க்ளாப்புக்குச் சதுப்பு கிடைக்கவில்லை, ஒரு ஏரி கிடைத்தது.

ஒரு வாளித் தண்ணீரின் பயணம்

வீட்டிலிருந்து வருகிற கழிவுநீர் முதலில் கம்பித் தடுப்பில் மோதுகிறது. துணி, பிளாஸ்டிக், குச்சி எல்லாம் அங்கே நின்றுவிடும். அடுத்து மணல் நீக்கும் தொட்டி, அப்புறம் படிவுத் தொட்டி. அடியில் சேர்கிற கசடு காற்றில்லாத செரிப்புத் தொட்டிக்குப் போகிறது. இதுவரை உலகத்தில் உள்ள எந்த நிலையத்தையும் போலத்தான். ‘எந்திரமே கிடையாது’ என்கிறவர்கள் இந்தப் பகுதியைப் பார்ப்பதில்லை, பறவை அங்கே உட்காராது என்பதால் இருக்கலாம்.

அடுத்து வருகிறவை குளங்கள். நிலையத்தின் சராசரி ஓட்டம் நாளொன்றுக்கு 2.3 மில்லியன் காலன், கிட்டத்தட்ட 87 லட்சம் லிட்டர். அந்த வேகத்தில் ஒரு வாளித் தண்ணீர் குளங்களைக் கடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இங்கே நடப்பது ஒரு கூட்டுக் குடித்தனம். பாக்டீரியா அழுக்கைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. பாசி வெயிலை வைத்து அந்த வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஆக்சிஜனை மறுபடி பாக்டீரியா பயன்படுத்திக்கொள்கிறது. மோட்டார் வைத்துக் காற்று ஊதவேண்டியதில்லை. மின்சாரச் செலவு குறைவதன் ரகசியம் சதுப்பில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பங்கு இந்த அழகில்லாத குளத்தில் இருக்கிறது.

ஆனால் குளத்துக்கு ஒரு குணம் உண்டு. அழுக்கைத் தின்றுவிட்டுப் பாசியைப் பெற்றுப்போடும். குளத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்துப் பார்த்தால் பட்டாணிச் சாறு போலப் பச்சையாக இருக்கும். இரண்டாம்நிலைச் சுத்திகரிப்புக்கு அமெரிக்கச் சட்டம் வைத்த வரம்பு, மாதச் சராசரியில் பிஓடி (நீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருளும் 30 மில்லிகிராம். பாசியும் மிதக்கும் திடப்பொருள்தான். சாக்கடையிலிருந்து வந்ததா, வெயிலில் முளைத்ததா என்று திடப்பொருளை வடித்து அளக்கிற தாள் கேட்பதில்லை. அப்படியே விரிகுடாவில் விட்டாலோ, பாசி அங்கே செத்து அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். அதாவது ஒரு மாதம் உழைத்துச் சாக்கடையை இன்னொரு வடிவத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் கோரை வருகிறது.

கோரை குடிப்பதில்லை

சுத்திகரிப்புச் சதுப்பில் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்பது தண்டு திரண்ட ஒரு கோரை வகை, அதோடு சம்பு. ‘செடி அழுக்கை உறிஞ்சிக்கொள்கிறது’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். செடி கொஞ்சம் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்ளும், பொய்யில்லை. ஆனால் அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் செடி செத்து விழுந்து, எடுத்ததைத் திரும்பக் கொடுத்துவிடும். கணக்கில் பெரிதாக நிற்காது.

கோரையின் உண்மையான வேலை நிழல் தருவது. அடர்ந்த தண்டுகளுக்கு நடுவே வெயில் இறங்காது, காற்று நீரைக் கலக்காது. வெயில் இல்லாமல் பாசி வாழாது. கலக்கம் இல்லாததால் செத்த பாசி அடியில் படிகிறது. நீருக்குள் இருக்கிற தண்டு ஒவ்வொன்றின்மேலும் வழவழப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தில் இருக்கிற நுண்ணுயிர்கள், கடந்து போகிறதைப் பிடித்துத் தின்கின்றன. தண்டு அவற்றுக்குச் சுவர் மாதிரி, நிழல் பாசிக்கு எமன் மாதிரி. பச்சையாக உள்ளே போன நீர் மறுமுனையில் தேயிலை வடிநீர் நிறத்தில் தெளிந்து வருகிறது. இந்தக் கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் போதும்.

கோரை வேர் வழியாக ஆக்சிஜனை நீருக்குள் பாய்ச்சி எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறது என்று ஒரு நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட கையேடு அதை உடைத்துச் சொன்னது. முழுக்கச் செடி மூடிய சதுப்பில் நீர் ஆக்சிஜன் இல்லாமல்தான் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் அந்த வேலை அங்கே நடக்காது. நடக்கவேண்டுமானால் இடையிடையே செடியில்லாத திறந்த நீர் வேண்டும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சைப் பசேலென்று மூடிக்கிடக்கும் சதுப்பைப் பார்த்து ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கிருமி நீக்கிய நீரில் மறுபடி பறவை

முதல் பார்வையில் அபத்தமாகத் தெரிகிற ஒரு கட்டம் இதற்கப்புறம் வருகிறது. 1986-இல் ஓடத் தொடங்கிய அமைப்பில், சுத்திகரிப்புச் சதுப்பிலிருந்து வருகிற நீரில் குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்றார்கள். கொன்ற பிறகு அந்த நீரை மூன்று மேம்பாட்டுச் சதுப்புகளுக்கு, மொத்தம் 31 ஏக்கர், பம்பு வைத்து அனுப்பினார்கள். அங்கே அது ஒன்பது நாள் போலத் தங்கியது. அங்கே ஆயிரக்கணக்கில் வாத்தும் கொக்கும் நாரையும். அவை கழிப்பதும் அங்கேதான். ஆகவே திரும்பி வந்த நீரில் மறுபடி கோலிஃபார்ம், அதாவது குடலில் வாழ்கிற பாக்டீரியா. மறுபடி குளோரின். அப்புறம் குளோரினை நீக்கி விரிகுடாவுக்கு.

ஒரு பொறியாளரிடம் வெறும் வரைபடத்தைக் காட்டினால் “முதல் குளோரினுக்கு அப்புறமே வெளியே விட்டுவிடலாமே, எதற்கு இந்தச் சுற்று?” என்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் அந்தச் சுற்றை எடுத்துவிட்டால் நகரத்துக்கு விரிகுடாவில் நீர் விடும் உரிமையே போய்விடும். 1974 கொள்கையின் ‘மேம்படுத்தவேண்டும்’ என்ற சொல்லுக்கு நகரம் சொன்ன விடை அந்த 31 ஏக்கர்தான். மக்கள் நடமாடுகிற இடம் என்பதால் உள்ளே போகும் நீருக்குக் கிருமிநீக்கம் வேண்டும். விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள் என்பதால் வெளியே போகும் நீருக்கும் வேண்டும். சட்டம் ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம், சிப்பி ஒரு பக்கம். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுத்துக் கட்டியதால்தான் இந்த வளைந்த வடிவம் வந்தது.

பறவைகள் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகவே வந்தன. 300-க்கு மேற்பட்ட இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. குளம், சதுப்பு, பழைய குப்பைமேடு எல்லாம் சேர்ந்த சரணாலயம் இன்று 307 ஏக்கர். 1987-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும், அரசுப் பணியில் புதுமைக்கான விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகிற தன்னார்வக் குழு ஒன்றும் இருக்கிறது. ஆர்கேட்டா சதுப்பின் நண்பர்கள் என்பது பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டினால் ஃபோம், அதாவது நுரை. கழிவுநீர் நிலையத்தில் நுரை கண்டாலே ஊழியர்களுக்குக் கிலி பிடிக்கும். தெரிந்தேதான் வைத்திருக்கவேண்டும்.

நிலத்தில் கட்டிய விலை

கூட்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டால் ஆர்கேட்டாவுக்கு ஆன செலவு சிறு பங்குதான். ஆனால் டாலரில் மிச்சம் பிடித்ததை நிலத்தில் கொடுத்திருக்கிறது. குளம் 55 ஏக்கர், மேம்பாட்டுச் சதுப்பு 31 ஏக்கர், இவை இரண்டை மட்டும் எடுத்து இன்றைய மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 18 சதுர மீட்டர் வருகிறது. ஒரு நடுத்தர அறையின் தரை. தொட்டியில் மோட்டாரால் காற்று ஊதிப் பாக்டீரியாவை வேலை வாங்குகிற கசடு முறையில் தலைக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேவைப்படாது. ஆர்கேட்டாவிடம் 1957-லேயே வெட்டிய குளம் இருந்தது, யாருக்கும் வேண்டாத கரை இருந்தது. இரண்டும் இல்லாத ஊர் இதைப் படம்பார்த்து நகலெடுக்கக் கிளம்பினால் முதல் தடையே நிலப்பத்திரத்தில் வந்து நிற்கும். பல ஊர்களுக்கு இங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது கோரையைவிட, கட்டுவதற்கு முன் சிறு பாத்தி வெட்டி வருஷக்கணக்கில் அளந்த பொறுமைதான். அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

நாற்பது வருஷத்துக்கு அப்புறம்

சதுப்புக்கும் வயதாகும். வருஷாவருஷம் செத்து விழுகிற கோரை மக்கி அடியில் சேர்கிறது. மேலே பாய் மாதிரி மிதக்கவும் செய்கிறது. நீர் தங்குகிற இடம் குறைகிறது. தடையில்லாத சந்து ஒன்றைக் கண்டுபிடித்து நீர் குறுக்கே ஓடிவிடுகிறது. தாளில் இரண்டு நாள் என்று இருப்பது நிஜத்தில் சில மணி நேரமாகிவிடும். குளத்தின் அடியிலும் கசடு ஏறுகிறது. எந்திரம் பழுதானால் சத்தம் போடும். சதுப்பு சத்தம் போடாமல் பழுதாகும். அதனால்தான் தூர்வாருவதும் நட்டுக்கொடுப்பதும் வழி அடைப்பதும் ஓயாத வேலை.

மழைக்காலம் இன்னொரு தொல்லை. அந்த வட்டாரத்தில் மழை பெரும்பாலும் குளிர்மாதங்களில்தான் கொட்டும். பழைய பாதாள சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியாக மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே புகுந்து ஓட்டத்தைச் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். வெயில் குறைவு, பாசி மந்தம், குளிரில் பாக்டீரியாவும் மந்தம், அதே நேரம் நீர் அதிகம். இயற்கை முறைக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எதிராகத் திரும்புகிற பருவம் அது.

சமீப ஆண்டுகளில் நகரம் நிலையத்தைப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறது. குளோரினுக்குப் பதிலாகப் புறஊதாக் கதிரால் கிருமி நீக்குவது அதில் முக்கியமானது. விஷவாயுவைக் கையாளவேண்டாம், மிச்சக் குளோரினை நீக்கவும் வேண்டாம், நல்லதுதான். ஆனால் புறஊதாக் கதிருக்குத் தெளிந்த நீர் வேண்டும். மக்கிய கோரையின் சாறு இறங்கிய அந்தத் தேயிலை நிறம் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற நீர் விளக்குக்குக் கலங்கலாகத் தெரியும் என்பது சதுப்புநீரோடு புழங்குகிறவர்களுக்குப் பழகிய சங்கடம்.

எல்லாவற்றுக்கும் மேலே கடல். ஹம்போல்ட் விரிகுடாவில் கடல் உயர்கிறது, கூடவே தரையும் அமிழ்கிறது. அதனால் கலிஃபோர்னியாக் கரையிலேயே கடல்மட்டம் மிக வேகமாக ஏறுவது இங்கேதான். குளங்களும் சதுப்புகளும் நிற்பது ஓதம் ஏறி இறங்கிய பழைய நிலத்தில், மண்கரையின் தயவில். கரையை உயர்த்தலாம், சில பத்தாண்டு கிடைக்கும். நிலையத்தை மேட்டுக்கு மாற்றலாம் என்றால் தலைக்கு 18 சதுர மீட்டர் அங்கே எங்கே கிடைக்கும் என்ற கேள்வி வருகிறது. இப்போதைக்கு நகரம் இருக்கிற இடத்திலேயே பணத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பெரிய ஓதம் வருகிற குளிர்கால நாட்களில் அந்தக் கரைமேல் நடந்தால் ஒரு கைப்பக்கம் குளம், மறு கைப்பக்கம் விரிகுடா, இரண்டுக்கும் மட்டத்தில் அதிக வித்தியாசம் தெரியாது.